மொட்டையடிக்காமல் மரத்தை இறக்குவது

எங்கள் பக்கத்தில் வீட்டை ஒட்டி ஒரு பெரிய மரம் நின்றால், 2017-க்கு அப்புறம் எல்லோருக்கும் ஒரே யோசனைதான்: தலையை முறித்துவிடலாம். அந்த வருடம் நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் கன்னியாகுமரி மாவட்டத்தை உலுக்கிப் போட்டது. ரப்பர் தோட்டங்களில் மரங்கள் வரிசையாக முறிந்து கிடந்தன, வாழை படுத்துவிட்டது, மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஓட்டுக்கு மேல் கொப்பு நீட்டிக்கொண்டு நிற்கும் மாமரத்தை அதற்குப் பிறகு யாரும் பழைய கண்ணால் பார்க்கவில்லை. பயம் நியாயம்தான். பயத்தில் போட்ட வெட்டுதான் பல வீடுகளில் மரத்தை முன்பைவிட ஆபத்தாக்கி வைத்திருக்கிறது.

தக்கலையிலிருந்து குலசேகரம் போகும் பக்கம் எங்கள் விளை, அதாவது வீட்டுத் தோப்பு. நாட்டு மா, பிலா (பலா), அயனி என்ற காட்டுப்பலா, புளி, பெரிய நெல்லி ஒன்று, ஓரத்தில் கொல்லா (முந்திரி) மரம், நடுநடுவே தென்னை. பிலாவிலும் அயனியிலும் நல்லமிளகுக் கொடி ஏறியிருக்கிறது. இந்த மாவட்டத்து வீட்டு விளைகள் பெரும்பாலும் இப்படித்தான், எல்லாம் நெருக்கியடித்து நிற்கும். அப்பாவுக்குப் பிறகு மரங்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பாயிற்று. நான் மரவேலைக்காரன் இல்லை. மரம் முறிக்க வருகிறவர்களோடு மூட்டில் (மரத்தின் அடியில்) நின்று அண்ணாந்து பார்த்து, வாக்குவாதம் பண்ணி, சில வருடம் கழித்து அந்த வெட்டு என்ன ஆயிற்று என்று போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் மேற்கே நின்ற நாட்டு மா. புயல் முடிந்த கையோடு பெரியப்பா ஆள் பிடித்து அதைப் பாதி உயரத்தில் நிறுத்திவிட்டார். பெரிய கவைகள் எல்லாம் கட்டையாக நின்றன, ஒரு இலை இல்லை. பார்த்தவர்கள் எல்லாம் “இப்பதான் நிம்மதி” என்றார்கள். அடுத்த மழையிலேயே ஒவ்வொரு கட்டையின் விளிம்பிலும் கொத்துக் கொத்தாகத் தளிர் கிளம்பியது. அதையும் எல்லோரும் மரம் பிழைத்துவிட்டது என்று சந்தோஷமாகத்தான் பார்த்தோம். அந்தத் தளிர்கள் வெயிலுக்குப் போட்டி போட்டு நேராக மேலே போயின. சில வருடத்தில் கை பருமனுக்கு வந்து, மரம் பழைய உயரத்தைப் பிடித்துவிட்டது. அப்புறம் ஒரு ஆடிக் காற்றில் அதில் ஒன்று மூட்டோடு பிய்ந்து விழுந்தது. விழுந்த இடத்தைப் பார்த்தால், கீழே இருந்த பழைய கட்டை உள்ளே உளுத்து, தண்ணீர் தேங்கி, ஓரத்தில் காளான் பூத்திருந்தது.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மரம் சின்னதாக இருக்கும்போதே பிறந்த கொப்பு, வருடா வருடம் மரம் பருக்கப் பருக்க உள்ளே பதிந்துகொண்டே வருகிறது. அதன் அடி தண்டின் நடுவரைக்கும் போகும். தலையை வெட்டிய பிறகு வருகிற தளிர் அப்படி இல்லை. பட்டைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த மொட்டிலிருந்து வருவது அது. மேல் தோலோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். பருமன் கூடக் கூட எடை கூடுகிறது, பிடிப்பு அந்த வேகத்தில் கூடுவதில்லை. அதற்குக் கீழே இருக்கும் கட்டையோ வெட்டுவாய் திறந்து கிடந்து உளுத்துக்கொண்டிருக்கிறது. இலை முழுவதையும் இழந்த மரம், சேர்த்து வைத்திருந்த சத்தையெல்லாம் அவசர அவசரமாகத் தளிர்விடுவதில் செலவழிக்கிறது. இவ்வளவு நாள் நிழலில் இருந்த பட்டையில் நேர் வெயில் அடித்து வெடிப்பு விழுகிறது. வெடிப்பு விழுந்த மாம்பட்டை தண்டு துளைப்பான் வண்டு முட்டை வைக்கத் தோதான இடம். மரத்தூள் மாதிரி கழிவு மூட்டில் கொட்டிக் கிடப்பதைப் பார்த்த பிறகு சுதாரித்துப் பயனில்லை.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். ஒக்கியில் வீட்டு விளைகளில் வேரோடு சாய்ந்த மரங்களின் மூட்டைப் போய்ப் பார்த்தேன். பல மரங்களில் ஒரு பக்கத்து வேரே இல்லை. மதில் கட்ட வாணம் (அஸ்திவாரக் குழி) தோண்டியபோது, செப்டிக் டேங்குக் குழி எடுத்தபோது, ரோடு அகலமாக்கியபோது வெட்டிப் போட்டிருக்கிறார்கள். மண் மழையில் ஊறியிருந்த நேரத்தில் காற்று வந்து தள்ள, பிடிப்பு இல்லாத பக்கம் எழும்பிவிட்டது. அப்படி வேர் போன மரத்துக்குத் தலையில் செய்யும் வைத்தியம் அதிக தூரம் போகாது. ஆகவே ஏணியை எடுப்பதற்கு முன்னால் மூட்டைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்க்க வேண்டும். மண்ணில் வளைவாக வெடிப்பு ஓடுகிறதா, ஒரு பக்கம் மண் தூக்கியிருக்கிறதா, மூட்டில் காளான் இருக்கிறதா, தட்டினால் பொந்துச் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். இதில் ஏதாவது இருந்தால் அந்த மரத்தைப் பற்றிப் பேச வேண்டிய பேச்சு வேறு.

மூடு சரி என்றால் அடுத்த கேள்வி: மரத்தால் உங்களுக்கு என்ன தொந்தரவு? இதைக் கேட்காமல் ஆளைக் கூப்பிட்டால் அவர் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்துவிட்டுப் போவார். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, “உங்க பிலா இலை பூரா எங்க ஓட்டு மேலதான் கிடக்கு தம்பி, பாத்தி அடைச்சுட்டு தண்ணி உள்ள இறங்குது” என்று சொன்னபோது, வீட்டில் எல்லோரும் பிலாவின் உயரத்தைக் குறைக்கத்தான் கிளம்பினார்கள். அக்காவின் ஓட்டுக்கு மேல் நீண்டிருந்தது கீழ்க்கொப்பு ஒன்றே ஒன்று. அதைப் பக்கக் கொப்பு பிரியும் இடம்வரை சுருக்கியதும் பிரச்சினை தீர்ந்தது. உச்சியைத் தொடவே இல்லை.

வெயில் கீழே வரவில்லை, வாழைக்கும் சேம்புக்கும் நிழல் என்றால், தாழ்ந்த கொப்புகளில் சிலதை எடுத்து மரத்தைத் ‘தூக்கினால்’ போதும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. மொத்த உயரத்தில் 3-இல் 2 பங்காவது இலையுள்ள பகுதியாக இருக்கட்டும். கீழே எல்லாவற்றையும் வழித்து எடுத்து, உச்சியில் ஒரு கொண்டையை மட்டும் விட்டால் காற்று பிடிக்கிற இடம் முழுக்க மேலே போய்விடும். மிளகுக்கொடியைத் தாங்கி நிற்கும் பிலாவிலும் அயனியிலும் மிளகுக்கு வெளிச்சம் வேண்டும் என்று, ஜூனில் வரும் இடவப்பாதி மழை தொடங்குவதற்கு முன்னால் சின்னக் கொப்புகளைக் கழித்துவிடும் வழக்கம் இங்கே இருக்கிறது. அது நல்ல வழக்கம். வருடா வருடம் கொஞ்சமாக எடுப்பதால் பெரிய வெட்டுக்குத் தேவையே வருவதில்லை.

உள்ளே அடர்த்தியைக் குறைக்கும்போது ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மரத்தில் ஏறி நிற்பவருக்குக் கை எட்டுவது தண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் குச்சிகள்தான். அவற்றை எல்லாம் சீவிவிட்டால் கீழே இருந்து பார்க்க மரம் சுத்தமாகத் தெரியும், வேலை நடந்த மாதிரியும் இருக்கும். ஆனால் நீளக் கொப்பின் நுனியில் மட்டும் இலைக்குஞ்சம் தொங்கும். காற்றில் அப்படிப்பட்ட கொப்பு அதிகமாக வீசி ஆடி, நடுவில் முறியும். எடை குறைய வேண்டியது நுனியில். நுனிக்குப் போவதுதான் கஷ்டமான வேலை, கூலி கொடுப்பதும் அதற்குத்தான்.

சரி, உண்மையாகவே உயரத்தையும் விரிவையும் குறைக்க வேண்டும் என்றால்? ஒவ்வொரு நீளக் கொப்பையும் நுனியிலிருந்து உள்நோக்கிப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். பக்கவாட்டில் நல்ல உயிரோடு ஒரு கிளைக்கொப்பு பிரியும் இடம் வரும். வெட்டப்போகும் கொப்பின் பருமனில் 3-இல் 1 பங்காவது அந்தப் பக்கக்கொப்பு இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் வெட்டுவாய்க்குச் சாறு இழுக்க அதனால் முடியாது, மறுபடியும் தளிர்க்கொத்துதான் கிளம்பும். சரியானது கிடைத்தால் அதற்கு ஒட்டி வெட்டிவிட்டால், இனிமேல் அதுவே நுனி. மரத்தின் உருவம் மாறாது, அளவு மட்டும் சுருங்கும். நன்றாகச் செய்த வேலையைத் தூரத்திலிருந்து பார்த்தால் வெட்டினது தெரியாது. இதனாலேயே வீட்டில் இருப்பவர்கள் “இதுக்கா இவ்வளவு கூலி?” என்று கேட்பார்கள், பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

12 மீட்டர் உயர மரத்தில் இரண்டு, இரண்டரை மீட்டர் இறக்கினாலே காற்றில் அது ஆடும் விதம் மாறிவிடும். நுனி இலைகள்தான் காற்றைப் பிடிப்பவை, அவை மூட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கின்றனவோ அவ்வளவு நெம்பும். ஒரே தடவையில் மொத்த இலையில் 4-இல் 1 பங்குக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது. வயசான மரம், வறட்சியில் இளைத்த மரம் என்றால் அதையும் குறைத்துக்கொள்ள வேண்டும். இன்னும் இறக்க வேண்டும் என்றால் இரண்டு, மூன்று வருடம் இடைவெளி விட்டுச் செய்யலாம். மேலே இருப்பவருக்கு எவ்வளவு எடுத்தோம் என்பது தெரியாது. அதனால் பாதி வேலையில் அவரைக் கீழே இறக்கி, ஒரு சாயா கொடுத்து, இரண்டு பேருமாகத் தள்ளி நின்று மரத்தைச் சுற்றிப் பார்ப்பது எங்கள் வீட்டில் கட்டாயம். பல சமயம் அந்தச் சாயாவோடு அன்றைய வேலை முடிந்துவிடும்.

இனி வெட்டு. எனக்கு இதில்தான் அதிகம் பேச இருக்கிறது.

கொப்பு தண்டோடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். மேல்பக்கம் கவையில் பட்டை சுருங்கி ஒரு வரப்பு மாதிரி தடித்திருக்கும். கீழ்ப்பக்கம் கொப்பின் அடி கொஞ்சம் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பைத்தான் எங்கள் மரம் முறிக்கும் அண்ணன் கழுத்து என்பார். மாவில் அது தெளிவாகத் தெரியும். பிலாவில் கையால் தடவித்தான் சில சமயம் கண்டுபிடிக்க வேண்டும். கழுத்து தண்டுக்குச் சொந்தம், கொப்புக்கு இல்லை. அதைத் தொடாமல் அதன் வெளி ஓரத்தில் வெட்டினால், அங்கிருந்து புதுப்பட்டை நாலு பக்கமும் வளையமாகக் கிளம்பி, வருடங்களில் வாயை மூடிவிடும். கழுத்தையும் சேர்த்துத் தண்டோடு வழவழவென்று சீவிவிட்டால் காயம் இரண்டு மடங்கு பெரிதாகும், அழுகல் நேராகத் தண்டுக்குள் போகும். மாறாக ஒரு முழம் கட்டை விட்டு வெட்டினால், அந்தக் கட்டை காய்ந்து உளுக்கும். அது அங்கே நிற்கும்வரை புதுப்பட்டையால் மூட முடியாது. பக்கத்து வீடுகளில் ஏணி சாய்த்து வைக்கவும் ஊஞ்சல் கட்டவும் இப்படிக் கட்டை விட்டிருப்பதைப் பார்க்கிறேன்.

அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ என்ற ஆராய்ச்சியாளர் ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்துச் சொன்ன விஷயம் இது. நம் தோலைப் போல மரத்தின் காயம் ஆறுவதில்லை. கெட்டுப்போன பகுதியைச் சுற்றி மரம் உள்ளுக்குள்ளேயே சுவர் எழுப்பி ஒதுக்கி வைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிதாக வளர்கிறது. உள்ளே ஒதுக்கப்பட்டது மரம் சாகும்வரை அப்படியே இருக்கும். இதைப் புரிந்துகொண்டால் வெட்டின் அளவு ஏன் முக்கியம் என்பது தனியாகச் சொல்லாமலே விளங்கும். மணிக்கட்டு பருமனில் ஐந்து வெட்டு போடுவதை, தொடை பருமனில் ஒரு வெட்டைவிட நான் எப்போதும் விரும்புவேன்.

கனமான கொப்பை ஒரே வெட்டில் எடுக்கக் கூடாது. மேலிருந்து அறுத்துக்கொண்டே வரும்போது பாதியில் கொப்பு தன் எடையால் முறிந்து, கீழ்ப்பட்டையைத் தண்டோடு நீளமாக உரித்துக்கொண்டு போகும். அண்ணன் பாஷையில், “ஒத்த வெட்டுல எடுத்தா தோலு உரிஞ்சு மூடு வரைக்கும் போவும் மக்கா.” அதனால் மூன்று வெட்டு. தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, கொப்பின் அடிப்பக்கத்தில் 3-இல் 1 பங்கு ஆழத்துக்கு முதல் வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது. கொப்பு விழுந்துவிடும், பட்டை உரியாது. மிச்சம் நிற்கும் கட்டையைக் கையால் தாங்கிக்கொண்டு கழுத்தின் ஓரத்தில் மூன்றாவது. அவருக்கு இது முன்பே தெரியும், அவசரத்தில்தான் விட்டுவிடுவார். மூன்றாவது வெட்டு எங்கே என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. மேலே இருந்து “இதுல வைக்கவா?” என்பார். “இன்னும் ரெண்டு விரல் வெளிய வைங்க அண்ணே.” “கட்டை நிக்குமே?” “அது கட்டை இல்லண்ணே, கழுத்து.” இப்போதெல்லாம் அவர் மற்ற வீடுகளிலும் இப்படித்தான் வெட்டுகிறார், ஆனால் நான் சொன்னதால் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்.

வெட்டுகத்தி சின்னக் குச்சிக்குச் சரி. விரல் இரண்டு பருமனைத் தாண்டினால் வாள்தான். கத்தியால் கொத்திக் கொத்தி எடுத்த வாய் சிம்பு சிம்பாக நிற்கும், தண்ணீர் தங்கும். வளைந்த கைவாள் இப்போது நாகர்கோவில், மார்த்தாண்டம் இரும்புக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. இழுக்கும்போது அறுக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், மரத்தில் நின்றபடி வேலை செய்ய அதுதான் லேசு. நோய் வந்த மரத்தில் வேலை செய்த வாளை அடுத்த மரத்தில் வைப்பதற்கு முன் ஸ்பிரிட்டில் துடைக்கலாம். பிலாவின் பால் வாளில் ஒட்டினால் தேங்காயெண்ணெய். சக்கை (பலாப்பழம்) வெட்டும் கைக்குச் செய்வதுதான்.

வெட்டுவாய்க்கு என்ன பூசுவது என்று எல்லோரும் கேட்பார்கள். தார் பூசுகிறார்கள், மிச்சமான பெயிண்ட் பூசுகிறார்கள், சாணி அப்புகிறார்கள். பெரும்பாலான மரங்களில் சரியான இடத்தில் போட்ட வெட்டுக்கு ஒன்றும் தேவையில்லை. தாரும் பெயிண்டும் அழுகலைத் தடுப்பதில்லை, ஈரத்தை உள்ளே பூட்டிவைப்பதும் உண்டு. மாவிலும் கொல்லாவிலும் பெரிய வெட்டு விழுந்தால் மட்டும் நான் போர்டோ பசை பூசுகிறேன். நம்முடைய இரண்டு மழைக்கும் நடுவில் பூஞ்சைக்குக் குறைவில்லை. 1 கிலோ துருசை (மயில்துத்தம்) 5 லிட்டர் தண்ணீரில் கரைத்து, 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை இன்னொரு 5 லிட்டரில் நீற்றி, இரண்டையும் சேர்த்துக் கலக்கினால் பசை. வீட்டுக்குத் தேவை அதில் 10-இல் 1 பங்குகூட இருக்காது, அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளலாம். இரும்புப் பாத்திரம் ஆகாது, பிளாஸ்டிக் வாளி போதும். தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புக் கத்தியைக் கொஞ்ச நேரம் முக்கி எடுத்துப் பார்த்தால் சிவப்பாகப் படியக் கூடாது. படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றைக்குக் கலக்கியதை அன்றைக்கே பூசிவிட வேண்டும். ரப்பர் வைத்திருப்பவர்கள் யாரிடம் கேட்டாலும் துருசைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

எப்போது வெட்டுவது என்பது நம் மாவட்டத்தில் மற்ற இடங்களைப் போல எளிதாகச் சொல்ல முடிவதில்லை. ஜூனில் தொடங்கும் மழை, ஐப்பசியில் வரும் மழை என்று வருடத்தில் பாதி ஈரம். ஜனவரி முதல் மார்ச் வரை காய்ந்த காலம், மரம் ஏறவும் வசதி. ஆனால் அப்போது மா பூவும் பிஞ்சுமாக நிற்கும். மா முதிர்ந்த கொப்பு நுனியில்தான் பூக்கும், எனவே நுனியை வெட்டினால் அந்த வருடத்துக் காயை வெட்டுவதாக அர்த்தம். காய் பறித்து முடித்த உடனே, அடுத்த தளிர் வருவதற்கு முன்னால் வெட்டுவதுதான் மாவுக்கு நல்லது. இங்கே சில மரங்கள் மற்ற ஊர்களில் மாங்காய் இல்லாத காலத்திலும் காய்க்கும் என்பதால் காலண்டரைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பிலாவுக்கு அந்தக் கவலை குறைவு. சக்கை தண்டிலும் தடித்த கொப்பிலும் காய்ப்பது, நுனியைச் சுருக்கினால் விளைச்சல் போய்விடாது. சக்கை முடிந்த பிறகு, மழை ஓயும் இடைவெளி ஒன்றில் செய்யலாம். புளியைக் காய் உலுக்கி எடுத்த கையோடு பார்த்துக்கொள்ளலாம். பட்டுப்போன கொப்பை மட்டும் எந்த மாதத்திலும் எடுக்கலாம். செந்தளிர் விட்டிருக்கும்போது எந்த மரத்தையும் தொட வேண்டாம். சத்தெல்லாம் அதில்தான் இருக்கும்.

மரத்துக்கு மரம் குணம் வேறு. புளி உறுதி, காற்றுக்கு அஞ்சாது. ஆனால் கிடையாக நீளும் கொப்பில் நுனி எடை ஏறிவிடும், அதைச் சுருக்கினால் போதும். முருங்கை நொடிந்து விழும் சாதி, காய்ப்பு முடிந்ததும் இடுப்பு உயரத்தில் வெட்டிவிட்டாலும் கோபப்படாமல் தழைக்கும். மேலே சொன்ன விதிகள் எதுவும் அதற்கு வேண்டாம். கொய்யாவும் புதுக்குச்சியில் காய்ப்பதால் கொஞ்சம் தாராளமாக வெட்டலாம். கொல்லாவின் பாலும் மாவின் பாலும் சிலருக்குத் தோலைப் பொக்க வைக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். அயனி நேராக வானத்துக்குப் போகிற மரம், நடுத்தண்டை முறித்தால் அதன் அழகும் பலகை மதிப்பும் ஒன்றாகப் போகும். வீட்டுக்கு மிக அருகில் அயனி நின்று, உண்மையாகவே பயம் என்றால், மொட்டையடிப்பதைவிட முழுதாக முறித்து விற்றுவிடுவது மேல். எங்கள் மதிலோரத்து அயனிக்கு அதைத்தான் செய்தோம். மதில் வாணம் அதன் வேரை ஒரு பக்கம் தின்றுவிட்டிருந்தது. தென்னைக்கு இந்தப் பேச்சே கிடையாது. அதற்கு இருப்பது ஒரே ஒரு குருத்து. காய்ந்த ஓலையை எடுக்கலாம், பச்சை ஓலையைக் கழிப்பது குலையின் சாப்பாட்டைக் கழிப்பது.

ஏற்கெனவே மொட்டையடித்த மரத்தை வைத்திருப்பவர்கள் இந்த மாவட்டத்தில் நிறைய. அதை மறுபடி அதே இடத்தில் மொட்டையடித்தால் முதலில் இருந்து அதே கதைதான். எங்கள் மாவில் என்ன செய்தோம் என்றால், ஒவ்வொரு கட்டையிலும் கிளம்பிய கொத்தில் வெளிநோக்கிச் சாய்ந்து, அடியில் நன்றாகப் பற்றியிருந்த ஒன்றிரண்டைக் குறித்து வைத்தோம். மீதியில் ஒரு பகுதியை அந்த வருடமும், இன்னொரு பகுதியை அப்புறமும் எடுத்தோம். விட்டவற்றின் நுனியைப் பக்கக்கொப்புவரை சுருக்கினோம், எடை ஏறாமல் இருக்க. ரொம்ப உளுத்த ஒரு கவையை மட்டும் கழுத்துவரை முழுதாக எடுத்தோம். மரம் முன்பு இருந்த உருவத்துக்கு வராது. ஆனால் காய்க்கிறது, காற்றில் பயமுறுத்துவதில்லை. வருடத்துக்கு ஒரு தரம் யாராவது மேலே ஏறிப் பார்க்க வேண்டும் என்ற செலவு மட்டும் நிரந்தரம்.

ஆபத்து விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் சுருக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கரண்டு கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரிய ஆபீசில் சொல்லி லைனை நிறுத்தின பிறகுதான் ஏற வேண்டும்; பச்சைக் கொப்பு கம்பியில் தட்டினாலே போதும், ஆளைத் தூக்கிவிடும். மழை பெய்து பாசி பிடித்த பிலாவில் யாரையும் ஏறச் சொல்லாதீர்கள். ஏறுபவர் இடுப்பில் கட்டிய கயிறு, வெட்டப்போகும் கொப்புக்கு மேலே உள்ள பலமான கவையில் இருக்க வேண்டும். விழும் கொப்பு கூரை மேல் வரும் என்றால் அதைத் தனிக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும், கீழே ஒரு ஆள் பிடிக்க வேண்டும். மெஷின் வாளை ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே சாகசம் பண்ணுபவரை உடனே இறங்கச் சொல்லுங்கள். காலையிலேயே குடித்துவிட்டு வருபவரைத் திருப்பி அனுப்ப சங்கடப்பட வேண்டாம். முசுறு (சிவப்பு எறும்பு) கூடு, கடந்தை (பெரிய குளவி) கூடு எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பார்த்து வையுங்கள்; முசுறு கடித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கலாம், கடந்தை அப்படி விடாது. குஞ்சு இருக்கும் பறவைக்கூடு கண்ணில் பட்டால் அந்தக் கொப்பை ஒரு மாதம் தள்ளிப்போடலாம், ஒன்றும் குடி முழுகிவிடாது.

கடைசியாகக் கூலி. இது வெட்டைவிட முக்கியம் என்று எனக்குத் தோன்றும். “கூலி வேண்டாம், தடியை நாங்க எடுத்துக்கிடுறோம்” என்று ஒருவர் வந்தால், லாபம் என்று நினைத்துப் பலர் சரி என்கிறார்கள். விறகுக்கும் பலகைக்கும் வேலை செய்பவரின் கண் எங்கே போகும்? தடித்த கொப்புக்குத்தான். நுனியைச் சுருக்கினால் அவருக்குக் கிடைப்பது இலையும் குச்சியும். பிலாவிலும் அயனியிலும் மஞ்சள் நிறத் தடி விலை போகும் ஊரில் இந்த ஏற்பாடு மரத்துக்கு ஒருநாளும் நல்லதாக முடியாது. நாள் கூலி பேசி, எந்தக் கொப்பு, எதுவரை என்று சுண்ணாம்பாலோ துணியாலோ அடையாளம் வைத்து, விழுவதெல்லாம் நமக்கு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அடையாளம் இல்லாத கொப்பில் கத்தி விழக் கூடாது.

விழுந்ததை என்ன செய்வது என்று கவலைப்பட வேண்டியதில்லை. பிலா இலைக்கு ஆடு வைத்திருப்பவர்கள் தாங்களே வந்துவிடுவார்கள். மாவின் குச்சியையும் இலையையும் துண்டாக்கித் தென்னைத் தடத்தில் போட்டு மண் தூவினால் அடுத்த மழைக்குள் மக்க ஆரம்பிக்கும். கொல்லா விறகு கொஞ்சம் புகையும், வெளி அடுப்புக்கு ஆகும். புளியில் தடித்த துண்டு ஏதாவது எடுக்க நேர்ந்தால் மட்டும் விறகோடு சேர்க்க வேண்டாம். கறிக்கடைக்காரர்கள் வெட்டுக்கட்டைக்குக் கேட்டு வாங்கிப் போவார்கள், அதற்குத் தனி விலை பேசலாம்.